மூத்தவள் போட வேண்டிய விதை

சங்கம்வே, மொம்பாசா
22 நவம்பர் 1992

அன்புள்ள ப்ளிஸ்டாவுக்கு,

அக்கா சிப்ரோசா எழுதுவது. இதை முதலில் நீ தனியாகப் படித்துவிடு. அப்புறம் அத்தைக்கு வாசித்துக் காட்டு. இல்லாவிட்டால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவார், மீதியைக் கேட்கமாட்டார்.

கிறிஸ்மஸுக்கு நாங்கள் வரவில்லை.

சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான். பஸ் கட்டணத்தை இந்த வருடமே இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள். போன வாரம் பேருந்து நிலையத்துக்கு நானே போய்க் கேட்டேன். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் நான்கு பேர். கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். நடத்துனர் சிரித்தான். "ஏம்மா, டீசல் விலை மட்டும் ஏறிக்கிட்டே போகும், உங்க பிள்ளை மட்டும் மடியிலயே இருக்குமா? அதுக்கும் சீட்டு எடுங்க" என்றான். திரும்பி வந்தேன்.

இவர் வேலை பார்க்கும் கடற்கரை ஹோட்டலில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. சமையலறையில் ஆட்களை ஒருவாரம் விட்டு ஒருவாரம் வரச் சொல்கிறார்கள். சம்பளமும் அப்படித்தான்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறோம். டிசம்பர் பயணத்தை விட்டுவிட்டு, பிப்ரவரியில் விதைப்புக்கு மட்டும் வருகிறோம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும். கிறிஸ்மஸ் விருந்தையும் அப்போதே சாப்பிட்டுக்கொள்ளலாம். அத்தைக்கு உடுத்தத் துணியும் இரண்டு பாக்கெட் சர்க்கரையும் நம் ஊர்ப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நடத்துனர் சர்க்கரையைத் தின்றுவிட்டால் எழுது.

உன் அக்கா,
சிப்ரோசா


அலெகோ
10 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

சர்க்கரை வந்தது. ஒரு பாக்கெட் ஓரத்தில் ஈரமாக இருந்தது, ஆனால் நடத்துனர் தின்னவில்லை. துணியை அத்தை இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இங்குள்ள உங்கள் வீட்டுச் சுவர் முழுக்கச் சாணியும் மண்ணும் குழைத்து அவர் பூசி முடித்த மறுநாள்தான் உங்கள் கடிதம் வந்தது. வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு தனியாகப் பூசினார். நான் உதவுகிறேன் என்றாலும் விடவில்லை. "மூத்த மகன் படுக்கிற வீடு, நானே பூசுறேன்" என்றார். கடிதத்தை வாசித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மொம்பாசால கடல் இருக்கு, மீன் இருக்கு, வெள்ளைக்காரன் இருக்கான். காசு மட்டும் இல்லையாமா?" என்றார். நீங்கள் வருவீர்கள் என்று சேவலைக் கட்டிப்போட்டிருந்தார், அவிழ்த்து விட்டுவிட்டார்.

உங்களைக் குறை சொல்லவில்லை. இந்த வருடம் வழியில் போகிற எந்தப் பஸ்ஸின் தலையிலும் மெத்தை, சைக்கிள் எதுவும் இல்லை. ஊரில் பாதி வீடுகள் காலி. எல்லாருக்கும் ஒரே நிலைமைதான்.

ஆனால் பிப்ரவரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். போன மழை பொய்த்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் குதிரில் அடியில் கிடக்கிறதைக் கூட்டி எடுத்தால் ஒரு கூடை தேறும். என் வீட்டுக்காரருக்கு, உங்கள் கொழுந்தனுக்கு, ஆற்றுமணல் அள்ளுகிற வேலையும் நின்றுபோயிற்று. யார் இப்போது வீடு கட்டுகிறார்கள், மணல் வாங்க? இனி விதைக்கிற மக்காச்சோளம்தான் எங்களுக்கு வருடச் சோறு. பெரியவரும் நீங்களும் வந்து உங்கள் வீட்டில் ஓர் இரவு சேர்ந்து தங்கி, காலையில் உங்கள் கையால் முதல் குழியில் விதை போட்டால்தான் என் மண்வெட்டி மண்ணைத் தொடலாம். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தங்கை,
ப்ளிஸ்டா


சங்கம்வே
8 ஜனவரி 1993

ப்ளிஸ்டாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அத்தை சுவர் பூசினார், சேவலை அவிழ்த்துவிட்டார் என்று எழுதினால் எனக்கு உறைக்கும் என்று தெரிந்துதானே எழுதினாய். உறைத்தது. திருப்திதானே?

நீங்கள் எல்லாரும் நகரத்தில் நாங்கள் கோழிக்கறி தின்றுகொண்டு கடற்காற்று வாங்குவதாக நினைக்கிறீர்கள். இங்கே மாவு விலையைக் கேட்டால் கடையிலேயே உட்கார்ந்துவிடுவாய். கிறிஸ்மஸ் அன்று பிள்ளைகளுக்கு டீயில் பால் ஊற்றினேன், அதுதான் பண்டிகை. மூத்தவன் ஒடேரோ, "அலெகோவுல இப்ப பாட்டி சேவல் அடிச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடிக்காத சேவலை அடித்ததாகப் பொய் சொன்னேன்.

பிப்ரவரி நடுவில் வருகிறோம். மாற்றமில்லை. அவரும் வருவார். வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேலை முறை மாறிமாறி வருவதால் தேதியை மட்டும் இப்போது சொல்ல முடியவில்லை.

வேறு ஒன்றும் இல்லை. எழுத ஆரம்பித்தால் எதையாவது எழுதிவிடுவேன். நிறுத்துகிறேன்.

சிப்ரோசா


அலெகோ
14 பிப்ரவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உழுதாகிவிட்டது. உங்கள் நிலம், எங்கள் நிலம் இரண்டையும் சேர்த்துத்தான். பக்கத்து ஊர்க்காரரிடம் காளை வாங்கி உழுதோம், அதற்குப் பதிலாக உங்கள் கொழுந்தன் அவருக்கு வேலி கட்டிக்கொடுக்கிறார். அத்தை தன் பங்கில் விதை போட்டுவிட்டார். இனி உங்கள் முறை.

தேதி கேட்டு அத்தை தினமும் என்னை நச்சரிக்கிறார். "கடுதாசில தேதி இருக்கும், நீ சரியாப் பார்க்கல" என்கிறார். பழைய கடிதத்தையே திரும்ப வாசிக்கச் சொல்கிறார். நடுவில் என்றால் பதினைந்தா, இருபதா என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்?

மேற்கே இடி கேட்கிறது. சீக்கிரம் வாருங்கள். வரும்போது எதுவும் வாங்கி வர வேண்டாம். இரண்டு பேர் வந்தால் போதும்.

தங்கை,
ப்ளிஸ்டா


சங்கம்வே
26 பிப்ரவரி 1993

ப்ளிஸ்டாவுக்கு,

நான் என்ன செய்வேன். இந்த வாரம் மறுபடியும் கட்டணத்தை ஏற்றிவிட்டான். பணத்தின் மதிப்பு விழுந்துவிட்டது என்று வானொலியில் சொல்கிறார்கள். விழுந்ததை எங்கே போய்ப் பொறுக்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை. ரயிலில் மூன்றாம் வகுப்பில் வரலாம் என்று பார்த்தால் அதற்கும் இரண்டு பேருக்குச் சேர்த்து இல்லை. ஹோட்டலிலும் விடுப்புத் தர மாட்டேன் என்கிறார்கள். விடுப்பில் போனவனைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

நான் ஒன்று யோசித்தேன். கோபப்படாமல் படி. இந்தக் கடிதத்தோடு நடத்துனரிடம் ஒரு துணி முடிச்சு கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பது விதை மக்காச்சோளம். இரவு முழுக்க என் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, காலையில் என் கையால் முடிச்சுப் போட்டேன். அத்தையிடம் சொல்லி, அவர் அதை எங்கள் நிலத்தில் முதல் குழியில் போட்டால் என் கை பட்ட விதைதானே அது? காலம் இப்படி இருக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடாதா? கிறிஸ்மஸையே பிப்ரவரிக்கு மாற்றினோமே.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்.

சிப்ரோசா


அலெகோ
12 மார்ச் 1993

உகென்யா மகளுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் பிறந்த ஊரைச் சொல்லி வெளியாட்கள் கூப்பிடுவதுபோலவே நானும் கூப்பிடுகிறேன்.

முடிச்சு வந்தது. அத்தை முன்னால் அவிழ்த்தேன். "என்னடி இது?" என்றார். "உங்க மூத்த மருமக அனுப்பின விதை, இதைப் போட்டாப் போதுமாம்" என்றேன். "விதைய பஸ்ல ஏத்திட்டா. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து படுக்கிற ராத்திரிய எதுல ஏத்துவா?" என்றார். பக்கத்தில் இருந்த உங்கள் கொழுந்தன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை அந்த விதையைக் கோழிகளுக்கு இறைத்துவிட்டார்.

எட்டு நாளாக மழை பெய்கிறது. நல்ல மழை, நின்று பெய்கிற மழை. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் போட்டு முடித்து, சிலருக்கு முளையும் விட்டுவிட்டது. நான் மட்டும் உழுத நிலத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். தண்ணீருக்குப் போனால் பெண்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். "ஏன் சக்வா மகளே, உங்க வீட்டுல மட்டும் இந்த வருஷம் பட்டினி விரதமா?" என்று.

உங்களைத் தாண்டிப் போட்டுவிடலாம் என்று எனக்கும் ஒருநாள் தோன்றியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன். உங்கள் கொழுந்தன் கையைப் பிடித்து நிறுத்தினார். மூத்தவரைத் தாண்டி விதைத்த வீட்டில் 'சீரா' பிடிக்கும், பிள்ளைகள் காரணமே தெரியாமல் உருகி எலும்பாகிச் சாகும் என்று உங்களுக்கும் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீடு அப்படிக் காலியானதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். சோற்றுக்கும் பயம், சீராவுக்கும் பயம், நடுவில் நிற்கிறேன்.

காசில்லை, காசில்லை என்கிறீர்கள். கடன் வாங்குங்கள். பாத்திரத்தை விற்றுவிடுங்கள். இரண்டு பேர் வந்து ஓர் இரவு படுத்துவிட்டுப் போவதற்கு இவ்வளவு விலையா?

ப்ளிஸ்டா


சங்கம்வே
27 மார்ச் 1993

ப்ளிஸ்டா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

பயணக் காசு இருக்கிறது. ஜனவரியிலிருந்தே இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் மண்டாஸி சுட்டு விற்கிறேன். எண்ணெய், மாவு எல்லாம் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு பேர் வந்து போகப் போதும்.

இரண்டாவது ஆள்தான் இல்லை.

அக்டோபரிலிருந்து அவர் இந்த வீட்டில் படுப்பதில்லை. படகுத்துறைக்கு அக்கரையில், லிகோனியில் மீன் வறுத்து விற்கிற ஒருத்தியோடு இருக்கிறார். சம்பளம் பாதியானதும், இங்கே ஆறு வாய், அங்கே இரண்டு வாய் என்று கணக்குப் போட்டிருப்பார். அல்லது அவள் மீன் நன்றாக வறுக்கிறாளோ என்னவோ. மாதத்தில் ஒருநாள் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறார். விதைப்புக்காவது வாருங்கள், அத்தைக்காக, தம்பி பிள்ளைகளுக்காக என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' தான் உனக்கு நான் எழுதிய 'பிப்ரவரி நடுவில்'.

அவரை எப்படியோ கட்டி இழுத்து வந்திருந்தால்கூட என்ன நடந்திருக்கும்? அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நான் விடியும்வரை விழித்துக் கிடந்திருப்பேன். காலையில் எழுந்து ஒன்றும் நடக்காத இரவின் பேரில் விதை போட்டிருப்பேன். அந்தப் பொய்யின் மேல் நீ விதைத்திருப்பாய். சீரா உன் பிள்ளைகளைத்தான் பிடித்திருக்கும். அதற்குப் பயந்துதான் பஸ் மேலும் டீசல் மேலும் பழியைப் போட்டேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், யாரும் சந்தேகப்படப் போவதில்லை என்று நினைத்தேன். அசிங்கமாக இருந்தது ப்ளிஸ்டா. புருஷன் விட்டுப் போனவள் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் மழையை நான்தான் வீணாக்கினேன்.

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அத்தைக்கு வாசித்துக் காட்டு. அவர்தான் வீட்டுக்குப் பெரியவர். மகனைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன், அவர் பெண்டாட்டியாகத்தான் இருக்கிறேன், பிள்ளைகளை விட்டு எங்கும் போகவில்லை என்று சொல். விதைப்புக்கு என்ன வழி என்று அத்தையும் வளவுப் பெரியவர்களும் சேர்ந்து சொல்லட்டும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நானே சொன்னதாகவும் சொல்.

சிப்ரோசா


சங்கம்வே
5 ஜூன் 1993

ப்ளிஸ்டா,

இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. கடிதம் கிடைத்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதக் கூடாதா? நடத்துனரைக் கேட்டால் "உங்க தங்கச்சி கையிலயே கொடுத்தேன்" என்று சத்தியம் செய்கிறான். அத்தை என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லையா? நான் செத்துப் போய்விட்டேன் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

பிள்ளைகள் நலம். உன் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? அதையாவது எழுது.

சிப்ரோசா


அலெகோ
4 ஜூலை 1993

அக்கா,

கடிதம் கிடைத்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரமே என் கையில் கிடைத்தது. நடத்துனர் சொன்னது சத்தியம்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன் என்று எழுதினால் நம்புவீர்களோ இல்லையோ, அழுதேன். அத்தை அப்போது ஞாயிற்றுப் பூசைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வாசித்துக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். சாயங்காலம் அவர் காய்ச்சலோடு வந்து படுத்தார். நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாளே உங்கள் புருஷன் வந்துவிட்டார்.

ஹோட்டலில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் மூலம் அத்தை சொல்லி அனுப்பியிருந்தாராம், எனக்கே தெரியாது. 'ஈஸ்டருக்குள்ள வரலைன்னா, எனக்கு மூத்த மகன் இல்லைன்னு வளவுப் பெரியவங்ககிட்ட சொல்லிடுவேன்' என்று. அதற்குப் பயந்து வந்தார். தனியாக வரவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், பேச்சு குறைவு. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, ஆனால் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, வந்ததும் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அத்தை படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "இது யாரு?" என்றார். உங்கள் புருஷன், "சிப்ரோசா போன மாசமே என்னை விட்டுட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா, அம்மா. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா. இனிமே இவதான்" என்றார். கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னார். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் கடிதம் என் ரவிக்கைக்குள் இருந்தது.

அத்தை அவரை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் பக்கம் திரும்பினார். "ப்ளிஸ்டா, அந்த விதை முடிச்சுக்கு அப்புறம் அவகிட்டேருந்து கடுதாசி ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லத்தே" என்றேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் யோசித்தேன் அக்கா, நின்ற இடத்திலேயே யோசித்தேன். கடிதத்தை எடுத்து வாசித்தால் அன்று மாலைக்குள் அத்தை இருவரையும் துரத்திவிடுவார். மூத்தவள் உயிரோடு, பெண்டாட்டியாகவே இருக்கும்போது இன்னொருத்தி கை அவளுக்கு முன்னால் விதை தொடக் கூடாது. பெரியவர்கள் கூட்டம் போடுவார்கள், பேசுவார்கள், மொம்பாசாவுக்கு ஆள் அனுப்புவார்கள். அது முடிவதற்குள் மழை முடிந்துவிடும். விட்டுவிட்டுப் போனவள் என்றால் புதியவள் கை செல்லும். அப்போது என் மண்வெட்டியும் மண்ணைத் தொடலாம். என் கடைக்குட்டி அன்று காலை என்ன சாப்பிட்டாள் தெரியுமா? பழுக்காத மாங்காய். உப்பு மட்டும் போட்டு.

உங்கள் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது, கூட்டிப் பெருக்குவதற்காக. உங்கள் புருஷன் கேட்டார். நானே போய்த் திறந்துவிட்டேன். உங்கள் கட்டில்மேல் நானே பாயும் விரித்தேன். காலையில் அவள் உங்கள் நிலத்தில் முதல் குழியைப் போட்டாள். அவள் கை கழுவுவதற்குள் நான் என் நிலத்தில் இருந்தேன். அன்று இருட்டும்வரை நிமிரவில்லை.

மூன்றாம் நாள் அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

பயிர் நன்றாக வந்திருக்கிறது. பால் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் அறுவடை. உங்களுக்கு ஒரு மூட்டை அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்களைத் தாண்டி விதைத்ததை நீங்களும் உங்கள் பிள்ளைகளும் வாயில் வைக்கக் கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் ஜனவரியில் ஒரே ஒரு வரி உண்மையை எழுதியிருந்தால், நான் ஏப்ரலில் ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மறைத்தோம். வீட்டை இழந்தது நீங்கள், சோறு கிடைத்தது எனக்கு.

பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள். கடைக்குட்டிக்குக் கொஞ்சம் இருமல். இருமும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ப்ளிஸ்டா


சங்கம்வே
30 ஜூலை 1993

ப்ளிஸ்டா,

உன் கடிதம் வந்த அன்று மண்டாஸி சுடவில்லை. மறுநாள் சுட்டேன்.

உன்மேல் கோபப்பட வேண்டும் என்று உட்கார்ந்தால், பழுக்காத மாங்காய் வந்து நிற்கிறது. அதனால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதே. மாங்காய் ஒரு பக்கம் இருக்கட்டும், பாய் விரித்தாயே, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் கேட்டாளா? கேட்காமலே விரித்தாயா? பதில் எழுத வேண்டாம்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டுவிட்டார்கள். நாங்கள் வருகிறோம். நானும் பிள்ளைகள் நான்கு பேரும். ஒடேரோவுக்கு அந்த வளவில் பங்கு இருக்கிறது, அதை மண்ணில் நின்று காட்டினால்தான் பங்கு. இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு பிள்ளை பிறந்து அதில் வீடு கட்டும். ஐந்து சீட்டுக்கு மண்டாஸிக் காசு போதவில்லை. இங்கே நான் படுக்கிற கட்டிலை விற்றேன். வாங்க வந்தவன் "ஏன் விக்கிறீங்க, நல்ல கட்டிலாச்சே?" என்று கேட்டான். "எனக்கு அதுல இனிமே தூக்கம் வராதுப்பா" என்றேன். சரியாக ஐந்து சீட்டுக்கு வந்தது. கடைக்குட்டிக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமைப் பஸ்ஸில் ஏறுகிறோம். என் வீட்டில் நான் படுக்க முடியாது. வேறொருத்தி படுத்த கட்டிலில் மூத்தவள் படுக்கக் கூடாது, அதுவும் உனக்குத் தெரியும். அதனால் உன் வீட்டுக்குத்தான் வருகிறோம். தரையில் ஐந்து பேருக்கு இடம் செய்து வை. புதுச் சோளத்தில் எங்களுக்குக் களி கிண்டிவிடாதே. எங்கள் ஐந்து பேருக்கும் கடையில் தனி மாவு வாங்கித் தனிப் பானையில் கிண்டு.

ஒரே அடுப்படியில் எதற்கு இரண்டு பானை என்று அத்தை கேட்பார். நான் வாயே திறக்கமாட்டேன். நீ சொல்.

சிப்ரோசா